கேரவனின் கழிவுத் தொட்டியை யார் திறப்பது?



சென்ற மாதம் ஞாயிறு வாசிப்பு வட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் குடும்பம் கேரவன் எடுத்துக் கன்னியாகுமரி போய்வந்த பேச்சு வந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் சொன்னார்: "அக்கா, தாத்தா நகராட்சியில சாக்கடை வாரினாரு. இன்னைக்குப் பேத்தி கேரவன்ல போவுது. இதுதான் சமூகநீதி. ஹைவேல ஏறிட்டா சாதியாவது மண்ணாவது!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி எவ்வளவு பெரிய பொய் என்பதை அந்த மூன்று நாள் பயணத்தில்தான் பார்த்தேன்.

கேரவன் என்றதும் நமக்கு ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் வண்டி ஞாபகத்துக்கு வரும். வெளிநாட்டில் மோட்டார்ஹோம் என்பார்கள். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கக்கூஸ் எல்லாம் உள்ளே இருக்கும் ஓடுகிற வீடு. கேரளா 2021-இல் இதற்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. வாகமனில் கேரவன் பூங்கா வந்தது. இப்போது நம் பக்கத்திலும் வாடகைக்குக் கிடைக்கிறது. "லாட்ஜ் தேட வேண்டாம், ஹோட்டல் சாப்பாடு வேண்டாம், கண்ட இடத்தில் பாத்ரூம் போக வேண்டாம்" என்பதுதான் விளம்பரம். இந்த மூன்று "வேண்டாம்"களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

அப்பா 34 வருடம் தூய்மைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னியாகுமரியில் சூரியன் உதிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அண்ணனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அதனால் அண்ணனும் நானும் பணம் போட்டு ஒரு கேரவன் பேசினோம். வாடகைக்கு விடுபவர் போனில் முதலில் சொன்னது, "வண்டியில கவுச்சி சமைக்கக் கூடாது சார்." இரண்டாவது, "எந்த ஊரு?" அண்ணன் ஊரைச் சொன்னார். "அங்க எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாத தலித் இந்த நாட்டில் உண்டா? அண்ணன் ஒரு நொடி தயங்கிவிட்டு, "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றார். எங்கள் காலனிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் மூன்று கிலோமீட்டர்.

அண்ணனை நான் குறை சொல்லவில்லை. 1901-இல் அண்ணல் அம்பேத்கரும் இதைத்தான் செய்ய வேண்டியிருந்தது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலின் முதல் சம்பவமே ஒரு குடும்பப் பயணம்தான். கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, பத்து வயதுகூட நிரம்பியிராத அம்பேத்கரும் அவர் அண்ணனும் இரண்டு அக்கா பிள்ளைகளும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு சத்தாராவிலிருந்து ரயிலில் கிளம்புகிறார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால், மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த வண்டிக்காரனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் ஒருவன் இரட்டை வாடகைக்குச் சம்மதிக்கிறான். அதுவும் எப்படி? பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், அவன் தீட்டுப்படாமல் கூடவே நடந்து வருவான்.

வழியில் இரவாகிவிடுகிறது. கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடியில் போய் "நாங்கள் முஸ்லிம்கள்" என்று சொல்லித் தண்ணீர் கேட்கிறார் சிறுவன். அங்கேயும் கிடைக்கவில்லை. மாட்டை அவிழ்த்துவிட்டு, அந்த வண்டிக்குள்ளேயே படுக்கையை விரித்துப் பட்டினியோடு படுத்துக்கொள்கிறார்கள். ஆக, வண்டியையே வீடாக்கிப் படுப்பது நமக்குப் புதிதல்ல. அடுத்தவனுக்கு அது உல்லாசம். நமக்கு அது வேறு வழியில்லாமை.

33 வருடம் கழித்து, 1934. அம்பேத்கர் இப்போது பாரிஸ்டர், வட்டமேஜை மாநாட்டுக்குப் போய்வந்த தலைவர். தோழர்களுடன் பஸ்ஸில் வேரூல் குகைகளைப் பார்க்கக் கிளம்புகிறார். வழியில் தவுலதாபாத் கோட்டை. வாசல் குளத்தில் முகம் கழுவியதற்காக, "குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள்" என்று ஒரு கூட்டமே சூழ்ந்துகொள்கிறது. கடைசியில் உள்ளே இருக்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவரோடுதான் கோட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்கள். மாட்டுவண்டி பஸ்ஸாக மாறியது. பிள்ளை பாரிஸ்டராக மாறினார். தண்ணீர் மட்டும் மாறவில்லை.

"அதெல்லாம் மராத்தியக் கதை, நம்முடையது பெரியார் மண்" என்பவர்களுக்கு நம் ஊர்க் கணக்கையும் சொல்கிறேன். பொதுச் சாலையில் நாம் நடக்கலாம் என்பதற்கே 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றாத பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த சௌந்தரபாண்டியன் உத்தரவு போட வேண்டியிருந்தது. 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் செய்தார்கள். அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. அதே வருடம் ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் தோழர்களையும் பஸ்ஸை மறித்துத்தான் வெட்டினார்கள்.

இன்னும் வேண்டுமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தை எடுத்துப் படியுங்கள். பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று அதில் எழுதியிருக்கிறது. 21-ஆம் நூற்றாண்டின் நாடாளுமன்றம் இதைச் சட்டமாக்க வேண்டியிருக்கிறது என்றால், ஹைவேயில் சாதி இல்லை என்பது யாருடைய கற்பனை?

சரி, எங்கள் பயணத்துக்கு வருகிறேன்.

கிளம்பிய அன்றே அப்பா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிள்ளைகள் படுக்கையைப் பார்த்தார்கள், அண்ணி அடுப்பைப் பார்த்தார். அப்பா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். பிறகு டிரைவரிடம் கேட்டார், "ஏம்பா, இதெல்லாம் எங்க போவுது?"

"கீழ டேங்கு இருக்கு பெரியவரே."

"ரொம்பிட்டா?"

"அதுக்கு ஆளு இருக்கு."

அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பயணம் முழுக்க அவர் அந்தக் கக்கூஸுக்குள் போகவே இல்லை. பெட்ரோல் பங்க் வரும்போதெல்லாம் "கொஞ்சம் நிறுத்துப்பா" என்பார். சர்க்கரை நோயாளி. "உள்ளயே இருக்கே அப்பா" என்று நான் இரண்டு முறை சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. ஒரு கல்யாண மண்டபத்துத் தொட்டியில் இறங்கிய அவருடைய கூட்டாளி மேலே ஏறவே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தொட்டியையும் இந்தத் தொட்டியையும் நான் இணைத்துப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் இரவு சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டி நிரம்பிவிட்டது. டிரைவர் யாருக்கோ போன் போட்டார். அரை மணி நேரத்தில் ஒரு பழைய டிவிஎஸ் 50-இல் ஒரு பையன் வந்தான். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரு பக்கெட், ஒரு மக், ஒரு கம்பி. கையுறை இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து மூடியைத் திறக்கப் போனவனை அப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எந்தக் காலனி தம்பி?"

சொன்னான். எந்தத் தெரு என்று கேட்கவில்லை, காலனிதான் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. பையனுக்கும் அது ஆச்சரியமாக இல்லை. "நீ பண்ண வேணாம், கெளம்பு" என்று, டிரைவர் பேசியிருந்த 200 ரூபாயை அப்பாவே கொடுத்து அனுப்பினார். டிரைவருக்குக் கோபம். "ராத்திரி நேரத்துல வேற யாரு வருவா சார்? இல்லேன்னா ஓரமா ஓடையில தொறந்து வுட்டுடலாம்" என்றார். அண்ணன் மறுத்தார். விடிந்ததும் நானே விசாரித்துக் கழிவுநீர் லாரிக்குப் போன் செய்தேன். வந்தார்கள், குழாயைப் போட்டார்கள், பத்து நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டு போனார்கள். 1,200 ரூபாய்.

லாரிக்கு 1,200. பையனுக்கு 200. இந்த 1,000 ரூபாய் வித்தியாசம்தான் காரணம் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அது போதாது. அந்த டிரைவரின் போனில் லாரிக்காரர் நம்பர் இல்லை, அந்தப் பையன் நம்பர் இருந்தது. அது ஏன்? பல லட்ச ரூபாய் போட்டு வண்டி கட்டியவர் ஒரு குழாய்க்கு ஏற்பாடு செய்யாமல், வழியெல்லாம் "ஆளுக்கு" ஏற்பாடு செய்திருக்கிறார். எந்த ஊரில் நிறுத்தினாலும் பக்கத்தில் ஒரு காலனி இருக்கும், அங்கே ஒரு பையன் இருப்பான் என்ற நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்குப் பெயர்தான் சாதி.

ஐரோப்பாவில் மோட்டார்ஹோமில் போகும் குடும்பத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் கேசட் டாய்லெட். பெட்டி மாதிரி வெளியே இழுக்கலாம். அதைச் சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போய்க் கழிவு கொட்டும் இடத்தில் கொட்டிக் கழுவுவது வண்டியில் வந்தவரேதான். அமெரிக்காவில் கையுறை போட்டுக்கொண்டு, குழாயை மாட்டி, கழிவு நிலையத்தில் தானே திறந்துவிடுகிறார். டாக்டராக இருந்தாலும் புரொபசராக இருந்தாலும் அதுதான் வழக்கம். நாம் வண்டியின் வடிவத்தை இறக்குமதி செய்தோம். ஏசியை, மைக்ரோவேவை இறக்குமதி செய்தோம். தன் கழிவைத் தானே கொட்டும் பழக்கத்தை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம்.

அமெரிக்காவைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. அங்கேயும் சாலை எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. கறுப்பினக் குடும்பங்கள் காரில் கிளம்பினால் சாப்பாடு, போர்வை, பெட்ரோல் கேன், கழிப்பறைக்கு ஒரு டப்பா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மோட்டலில் அறை கிடைக்காது, ஹோட்டலில் சோறு கிடைக்காது, பங்கில் கழிப்பறை கிடைக்காது. எங்கே நிறுத்தினால் அவமானப்படாமல் தங்கலாம் என்று பட்டியல் போட்டு, நியூயார்க்கின் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936-இல் 'கிரீன் புக்' என்ற கையேட்டைக் கொண்டுவந்தார். 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்து, அறையும் உணவகமும் மறுக்கப்படக் கூடாது என்றானது. சில ஆண்டுகளில் அந்தக் கையேடு நின்றது. அவர்கள் ஆளுக்கொரு மோட்டார்ஹோம் கேட்கவில்லை. மோட்டலின் கதவைத் திறக்கச் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் அந்த மூன்று "வேண்டாம்"களுக்குத் திரும்புகிறேன். லாட்ஜ் வேண்டாம், ஹோட்டல் வேண்டாம், பொதுக் கழிப்பறை வேண்டாம். என் சின்ன வயதில் எங்கள் தெருவே சேர்ந்து வேன் பிடித்து வேளாங்கண்ணி போவோம். அடுப்பு, அரிசி, குடம், பாய் எல்லாம் வேன் கூரைமேல் வரும். புளியமரத்தடியில் பொங்கித் தின்போம். "ஏழைங்க, சிக்கனமா போறாங்க" என்றுதான் பார்ப்பவர்கள் நினைத்திருப்பார்கள். அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "காசு இருந்தாலும் ரூம்பு குடுக்கணுமே" என்றார். மூட்டைமுடிச்சைப் பார்த்தே, பேச்சைக் கேட்டே, "ரூம் ஃபுல்" என்று சொல்லிவிடுவார்களாம்.

அரசியல் சாசனத்தின் 15(2) பிரிவு கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை எல்லாவற்றையும் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டு, சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அண்ணல் அதைச் சும்மா எழுதவில்லை. சுங்கச்சாவடியில் தாகத்தோடு படுத்தவர் எழுதிய சாசனம் அது. சாலை என்பது தார் மட்டுமல்ல. நிறுத்துகிற இடத்தில் கிடைக்கும் தண்ணீர், படுக்கை, கக்கூஸ் எல்லாம் சேர்ந்ததுதான் சாலை. கேரவன் அந்தப் பொது உரிமையைக் கழற்றி ஒரு தனிப் பெட்டிக்குள் வைக்கிறது. பணம் உள்ளவர் பெட்டியை வாங்கிக்கொள்ளலாம். பணம் இல்லாத பெண் எட்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு பஸ்ஸில் வர வேண்டும். சாதித் தூய்மை பார்ப்பவருக்கோ இது சொர்க்கம்: தன் தண்ணீர், தன் அடுப்பு, தன் படுக்கை. ஊர் ஊராகப் போகலாம், எவன் கையிலும் தண்ணீர் வாங்க வேண்டாம். அவருக்குத் தேவைப்படும் ஒரே வெளியாள், தொட்டி திறக்க வரும் அந்தப் பையன்.

சட்டம் என்ன சொல்கிறது? 2013-இன் சட்டம் கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்கிறது. பாதுகாப்பில்லாமல் மலக்குழி சுத்தம் செய்ய ஆளை இறக்கினால் முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மலக்குழிச் சாவுக்கு 2014-இல் 10 லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சம் ஆக்கியது. ஆனால் ஓடுகிற கக்கூஸ் என்று வந்தால் சட்டத்தின் நாக்கு தடுமாறுகிறது. அதே சட்டத்தில் ரயில் பெட்டிக் கழிப்பறைக்கு ஒரு விலக்கு இருக்கிறது: அரசு அறிவிக்கும் கருவியோடும் பாதுகாப்பு உடையோடும் ஊழியர் சுத்தம் செய்தால் அது "சுகாதாரமற்ற கழிப்பறை" ஆகாதாம். ரயிலுக்கு ஒரு சந்து வைத்தார்கள். கேரவனைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை.

ஆனால் அதே சட்டத்தில் நமக்கும் ஒரு வழி இருக்கிறது. எந்தெந்த இடங்களில் மலத்தைக் கையாள வைப்பது இந்தச் சட்டத்துக்குள் வரும் என்பதைக் கூடுதலாக அறிவிக்க மாநில அரசுக்கும் அதிகாரம் உண்டு. ஒரு அறிவிக்கை போதும். கேட்பதற்கு ஆள் இல்லை என்பதுதான் பிரச்சினை.

"ஒரு டூர் போனதை இவ்வளவு அரசியலாக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். அரசியலாக்கியது நானில்லை. "அங்க எந்தப் பக்கம்?" என்று போனில் கேட்டவர்தான்.

"அந்தப் பையனுக்கு 200 ரூபாய் போச்சே, அவன் பிழைப்பைக் கெடுத்தது யார்?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்பா பணத்தைக் கொடுத்தது அன்றைக்கு மட்டும்தான். மறுநாள் அவன் வேறு தொட்டிக்குப் போயிருப்பான். 2013 சட்டம் வெறும் தடைச் சட்டம் அல்ல, மறுவாழ்வுச் சட்டமும்கூட. அந்தப் பையனுக்குக் கொடுக்க வேண்டியது கையுறை அல்ல, லாரியின் ஸ்டியரிங். லாரிகள் அந்தச் சமூகத்து இளைஞர்களின் பெயரில் இருக்க வேண்டும். அரசு நினைத்தால் கடனும் மானியமும் கொடுக்க முடியும்.

இப்போது வாசிப்பு வட்டத்துத் தம்பிக்கு என் பதில். பேத்தி கேரவனில் போனது உண்மை. அது சும்மா வரவில்லை. இடஒதுக்கீட்டில் நானும் அண்ணனும் படித்தோம், அப்பா 34 வருடம் சாக்கடை வாரினார். அந்த மகிழ்ச்சியை எவனும் நம்மிடமிருந்து பிடுங்க வேண்டாம். நாம் சுற்றுலா போகலாம், மெத்தையில் படுக்கலாம், நல்ல சோறு தின்னலாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அன்று அப்பா குனிந்து பார்த்திருக்காவிட்டால், அந்தப் பையன் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருப்பான். நான் உள்ளே போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பேன். சமூகவியலில் முதுகலை முடித்தவள், தினமும் சாதியைப் பற்றிப் பேசுகிறவள். வண்டிக்கு மேலே நாமும் வண்டிக்கு அடியில் நம் ஆளுமாக இருப்பதைச் சமூகநீதி என்று நம்பிவிடுவேன். நம்மில் நாலு பேர் மேலே ஏறிவிட்டோம் என்பதால் கீழே இருக்கும் இடம் காலியாகவில்லை.

எனவே கோரிக்கையாகவே வைக்கிறேன். ஒன்று, கழிவு உறிஞ்சும் இயந்திர ஏற்பாட்டைக் காட்டாத கேரவனுக்குச் சுற்றுலாத் துறை அனுமதி கொடுக்கக் கூடாது. இரண்டு, கேரவன் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் குழாய் மாட்டித் திறந்துவிடும் வசதி இருக்க வேண்டும், அதை வண்டியில் வந்தவரே செய்ய வேண்டும். மூன்று, வாகனக் கழிவுத் தொட்டிகளையும் 2013 சட்டத்தின் கீழ் மாநில அரசு அறிவிக்க வேண்டும். நான்கு, ஹைவேயில் காசில்லாமல், சாதி கேட்காமல், பெண்கள் பயமில்லாமல் போகும் கழிப்பறைகள் வேண்டும். நான்காவது நடந்தால் முதல் மூன்றின் தேவை பாதியாகக் குறைந்துவிடும்.

மாணவர்கள் நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை கேரவனோ டூரிஸ்ட் பஸ்ஸோ கல்லூரி டூருக்கு விடுதியோ பேசும்போது, வாடகை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "தொட்டி ரொம்பினா யாரு தொறப்பாங்க?" "ஆளு இருக்கு" என்று பதில் வந்தால் ஏறாதீர்கள்.

மூன்றாம் நாள் விடியலில் அப்பா கன்னியாகுமரியில் சூரியனைப் பார்த்தார். திரும்பி வரும்போது அண்ணனிடம் சொன்னார்: "நல்லா இருந்துச்சுப்பா. அடுத்த தபா வேன்லயே போலாம்."

ஜெய் பீம்.